வெண்மலை வழிகள் – 7: நடுவில் நிற்கும் மூன்று

பனிச்சரிவு என்றால் மலை தானாகச் சரிந்து, கீழே நிற்பவர் மேல் விழும் என்றுதான் நினைக்கிறோம். சாலைகளிலும் ராணுவ முகாம்களிலும் அப்படி நடப்பதுண்டு. ஆனால், விரும்பிப் போய்ப் பனிமலை ஏறுபவர்கள், சறுக்குபவர்கள் கதை வேறு. அவர்களைப் பலிவாங்கும் சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பிவிடுவது, சிக்கியவரோ அவரோடு போன ஒருவரோதான்.

காஷ்மீரின் குல்மார்க்கையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தி, அஃபர்வாட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் நம்மை இறக்கிவிடுகிறது. ரோந்துக் குழுவினர் கண்காணிக்கும் சறுக்குப் பகுதி ஒரு பக்கம். அந்த எல்லையைத் தாண்டினால் யார் காவலும் இல்லாத மலை. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டின் ஹபத்குட் பகுதியில் பனி சரிந்ததில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

எப்படிச் சரிகிறது? பருவத் தொடக்கத்தில் தரையில் பனி மெல்லிசாகத்தான் கிடக்கும். அதன் அடியில் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்க, மேலே இரவுக் குளிர் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். இந்த வேறுபாட்டால் நீராவி பனிக்குள்ளேயே மேல்நோக்கி நகர, துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடிப்பை இழந்து, சர்க்கரைபோல் உதிரியாகின்றன. அடுத்த புயலும் காற்றும் அதன்மேல் கெட்டியான பலகையாகப் புதுப்பனியை அடுக்குகின்றன. அதன்மேல் ஒருவர் கால்வைத்ததும் உதிரி அடுக்கு நொறுங்குகிறது. விரிசல் நொடியில் பக்கவாட்டில் ஓடுகிறது. பலகை பெரும்பாலும் அவருக்கு மேலே அறுந்து, அவரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு இறங்குகிறது.

இதற்கு வாகான சாய்வு 30 முதல் 45 டிகிரி. அதைவிடச் சாய்வு குறைந்தால் பலகை நகர்வது அரிது. கூடினால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சறுக்குபவர்கள் ஆசைப்படும் சாய்வும் இதுவே என்பதுதான் சிக்கல். பனி பொழியாத நாளிலும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி, மறுபக்கச் சரிவில் குவித்துவிடும்.

ஐரோப்பா 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாகக் கணிக்கிறது. நான்கு, ஐந்து என்றால் பெரும்பாலோர் கிளம்புவதில்லை. அதிக உயிர்களைக் குடிப்பது மூன்றாம் படி. ஐந்தில் மூன்று என்பது நடுத்தரம்போல் காதில் விழுகிறது. உண்மையில் படிக்குப் படி அபாயம் இரட்டிப்பாகவோ அதற்கு மேலாகவோ கூடுகிறது. புயல் ஓய்ந்து, வானம் நீலமாகி, புதுப்பனி மின்னும் காலை பலநேரம் மூன்றாம் படிக் காலையாகவே இருக்கும்.

அனுபவமும் கவசமல்ல. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் ‘திரௌபதி கா தண்டா–2’ சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன. இறந்தவர்களில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட், மகாலு இரண்டையும் 16 நாள் இடைவெளியில் ஏறியவர்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். ஊரிலிருந்து மீட்புக் குழு வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். கூட வந்தவர்தான் மீட்பர். அதனால்தான் புதைந்தவரின் சமிக்ஞையைப் பிடிக்கும் டிரான்ஸீவர், ஆழம் பார்க்கும் நீளக்கழி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து, அவரே புதைந்துபோனால் என்ன பயன்?

குளிர்காலத்தில் காஷ்மீருக்கோ இமாச்சலுக்கோ மலையேறக் கிளம்பும் வாசகர்கள், வழிகாட்டியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை என்ன? நேற்று பனியோ பலத்த காற்றோ இருந்ததா? பக்கத்துச் சரிவுகளில் புதிதாக ஏதும் சரிந்ததா? செங்குத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடப்போமா? நடக்கும்போது பனி ‘வூம்ப்’ என்று அமுங்கும் ஓசை கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, எந்தக் கேள்வியும் வேண்டாம். செங்குத்துச் சரிவை விட்டு விலகி, சாய்வு குறைந்த வழியாகத் திரும்பிவிடுங்கள். கட்டிய பணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

(தொடரும்)