கணனி மாறலாம், கணக்குகள் மறையக்கூடாது

திருகோணமலைத் துறைமுகத்தை நம்பி நடைபெறும் தொழில்கள் பல. சுங்க அலுவல்களைக் கவனிக்கும் முகவர்கள், சீமெந்தும் கோதுமை மாவும் மொத்தமாக விநியோகிப்போர், மீன் வியாபாரிகள் எனத் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் பலரது கொடுக்கல் வாங்கல்கள் இன்று பேரேட்டில் அல்ல, அலுவலக மூலையில் இயங்கும் ஒரு சேர்வர் கணனியிலேயே பதிவாகின்றன. கடற்கரையின் உப்புக் காற்றும் மின்தடையும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. ஒருநாள் அது இயங்க மறுத்தால், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை அறிய வழியற்றுப் போகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமை வலையமைப்பு கப்பம் கோரும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல்களில் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளை மீட்க முடியாமற் போனது. காலங்கடந்த மென்பொருள் பதிப்பு பயன்பாட்டில் இருந்தமையும், வலையமைப்புக்கு வெளியே தனிப் பிரதி இல்லாதிருந்தமையும் அன்று சுட்டிக்காட்டப்பட்டன. அரசாங்கத்துக்கே இந்நிலை எனின், சிறு வர்த்தகர் எம்மாத்திரம்?

பழைய சேர்வரிலிருந்து புதியதற்கு மாறும்போது மென்பொருள்கள் அனைத்தையும் மீண்டும் நிறுவுவது பெரும் சிரமம். கணக்கியல் மென்பொருளை வடிவமைத்தவர் தொழிலை விட்டே சென்றிருக்கக்கூடும். இதற்குத் தீர்வாக அமைவதே மெய்நிகர் வட்டு விம்பம். பழைய கணனியின் வன்தட்டு முழுவதும், இயங்குதளமும் மென்பொருள்களும் தரவுகளும் அடங்கலாக, ஒரே கோப்பாகப் பிரதி செய்யப்படுகிறது. மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கும் 'டிஸ்க்2விஎச்டி' இப்பணியைச் செய்யும். புதிய கணனியில் 'ஹைப்பர்-வி' போன்ற மென்பொருள் அக்கோப்பை ஒரு முழுக் கணனியாகவே இயக்கும். வீட்டைப் பெயர்த்தெடுத்துப் புதிய அத்திவாரத்தில் வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

எனினும் சில விடயங்களில் அவதானம் தேவை. பிரதி எடுக்குமுன் கணக்கியல் மென்பொருளை நிறுத்திவிட வேண்டும். இன்றேல் பாதி எழுதப்பட்ட பதிவுகள் சிதையலாம். வி.எச்.டி. வகைக் கோப்பு ஏறத்தாழ 2 டெராபைட் வரையே கொள்ளும். அதற்கு மேற்பட்டால் 64 டெராபைட் வரை கொள்ளும் வி.எச்.டி.எக்ஸ். வகை வேண்டும். பழைய 'பயோஸ்' முறையில் இயங்கிய கணனியின் விம்பத்தை ஹைப்பர்-வியில் முதலாந் தலைமுறை இயந்திரமாகவே அமைக்க வேண்டும். ஒரே பெயரும் முகவரியும் கொண்ட இரு கணனிகள் வலையமைப்பில் மோதிக்கொள்ளும் என்பதால், புதியதை முதலில் வலையமைப்பில் இணைக்காமலேயே பரிசோதிக்க வேண்டும். கணனியுடன் சேர்த்து விற்கப்பட்ட வின்டோஸ் அனுமதிப்பத்திரம் பொதுவாக அக்கணனிக்கே உரியது. புதியதற்கு வேறு அனுமதி பெற வேண்டியிருக்கும். வங்கிகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் போயா தினம் இம்மாற்றத்துக்கு ஏற்றது.

இங்கு முக்கியமாக உணரவேண்டியது ஒன்றுண்டு. வன்பொருள் புதிதாவதால் மென்பொருள் புதிதாகிவிடாது. விம்பத்தினுள் இருப்பது அதே பழைய இயங்குதளமே. வின்டோஸ் சேர்வர் 2012க்கான வழமையான ஆதரவு 2023 ஒக்டோபர் 10ஆம் திகதியுடன் முடிவுற்றது. ஆகவே விம்ப மாற்றம் காலஅவகாசம் தருமேயன்றி நிரந்தரத் தீர்வாகாது.

விம்பமொன்று இருக்கிறது என்பதற்காகக் காப்புப் பிரதியை மறப்பதும் தவறு. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜொன் நகர அரச தரவு நிலையத்தில் மூண்ட தீயில், மாற்றுப் பிரதி இல்லாத 858 டெராபைட் தரவுகள் அழிந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்ததைக் கண்ட நமது மாவட்டத்துக்கு இப்பாடம் புதிதன்று. ஒரு பிரதி கணனியில், மற்றொன்று தனி வன்தட்டில், இன்னொன்று கரையிலிருந்து தொலைவிலுள்ள உறவினர் வீட்டிலேனும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அப்பிரதியைத் திறந்து பார்ப்பதும் அவசியம். பழைய கணனியையும் ஒரு மாதமேனும் அழிக்காது வைத்திருப்பதே விவேகம்.

கணக்குப் புத்தகம் வர்த்தகருக்கு மட்டும் உரியதன்று. அதில் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் பதிந்துள்ளது. அந்த அமானிதத்தைக் காப்பது, புதிய கணனி வாங்குவதற்கு முன்னரே திட்டமிடப்பட வேண்டிய கடமையாகும்.