இந்தியாவைப் பார்க்காமலே இந்தியாவுக்காகப் புறப்பட்ட பெண்கள்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1943 அக்டோபர் 22ஆம் தேதி ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. நேதாஜி அமைத்த இந்தப் பெண்கள் படைக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி. படையில் சேர்ந்தவர்களில் பலர், மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணையே மிதித்திராதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் வசதியான குடும்பத்துப் பெண். நேதாஜியின் உரையைக் கேட்டதும் காதில் இருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பதின்ம வயதிலேயே படையில் சேர்ந்து, லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். பர்மா வரை சென்ற அவர், 1945இல் படை பின்வாங்கியபோது ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கி நெடுந்தூரம் நடந்தே வந்தார்.

1946இல் மஇகா உருவானபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவரானார். ஆதி நாகப்பனை மணந்து, குடும்பத்தையும் பொதுப்பணியையும் சேர்த்தே சுமந்தார். மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 2000இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2014இல் காலமானார்.

ஜானகியின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. போர் முடிந்து பால்மரக் காட்டுக்கே திரும்பி, பிள்ளைகளை வளர்த்து மறைந்தவர்களின் பெயர்கள்? அவர்களுள் ஒருவர் உங்கள் பாட்டியாகவும் இருக்கலாம். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.