கம்பம் சொன்ன சாட்சி

வட அமெரிக்காவின் மிக உயரமான சிகரம் அலாஸ்காவில் உள்ள டெனாலி. உயரம் 6,190 மீட்டர். 1906-இல் அதன் உச்சியைத் தொட்டுவிட்டதாக டாக்டர் ஃபிரெடரிக் குக் அறிவித்தபோது பலரும் நம்பினார்கள். உச்சியில் எடுத்ததாக அவர் ஒரு புகைப்படமும் காட்டினார். உடன் சென்ற எட் பேரில் மட்டும், நாங்கள் உச்சிக்குப் போகவே இல்லை என்று 1909-இல் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். அது காசுக்குச் சொன்ன சாட்சி என்று குக்கின் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆளை நம்பித் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் 1910-இல் பெல்மோர் பிரவுனும் ஹெர்ஷல் பார்க்கரும் படத்தில் இருந்த பாறையையே தேடிக் கண்டுபிடித்தார்கள். உச்சியிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி நிற்கும், 1,600 மீட்டர் அளவே உயரமுள்ள சிறு முகடு அது. பேரில் சொன்னதை ஒதுக்கிவிட்டாலும் குக்கின் கதை நிற்காது.

அதே 1910-இன் ஏப்ரலில், மலையேற்றப் பயிற்சி எதுவும் இல்லாத தங்கச் சுரங்கத் தொழிலாளர்களான பில்லி டெய்லரும் பீட் ஆண்டர்சனும் 14 அடி நீள ஸ்ப்ரூஸ் மரக் கம்பத்தைச் சுமந்துபோய், மலையின் இரு உச்சிகளில் ஒன்றான வடக்கு உச்சியருகே நட்டார்கள். அவர்கள் பேச்சைப் பலர் நம்பவில்லை. 1913-இல் ஹட்சன் ஸ்டக்கின் குழு ஏறிக்கொண்டிருந்தபோது, அக்குழுவின் வால்டர் ஹார்ப்பரின் கண்ணில் அந்தக் கம்பம் பட்டது. மற்றவர்கள் தொலைநோக்கியில் பார்த்து உறுதிசெய்தார்கள். வடக்கு உச்சி தெற்கு உச்சியைவிட சுமார் 250 மீட்டர் தாழ்வானது. ஆகவே முதல் வெற்றி சுரங்கத் தொழிலாளர்களுடையது அல்ல. ஆனால் அவர்கள் சொன்னது உண்மை. தெற்கு உச்சியில் ஜூன் 7 அன்று முதலில் கால் பதித்தவர் ஹார்ப்பர். கோயுகான் பழங்குடித் தாயின் மகன், வயது 20.

ஏறியதற்கு இவ்வளவு சான்று கேட்கும்போது, பெயருக்கும் கேட்பதுதான் முறை. 1896-இல் தங்கம் தேடிப் போன வில்லியம் டிக்கி, அதிபர் தேர்தலில் நின்ற வில்லியம் மெக்கின்லியின் பெயரை மலைக்குச் சூட்டினார். மெக்கின்லி அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. பழங்குடிகளிடம் ஒரே பெயர் இல்லை, பொதுப் பெயர் ஒன்று தேவைப்பட்டது என்பார்கள். பல பெயர்கள் இருந்தன என்றால், அந்த மலையைப் பார்த்து வாழ்ந்த மக்கள் பலர் என்றே பொருள். அதற்காக மலையோடு தொடர்பே இல்லாத ஒருவரின் பெயர் பொருத்தமாகிவிடாது. அலாஸ்கா மாநிலம் 1975-லேயே டெனாலி என்ற பழங்குடிப் பெயரைக் கேட்டது. அமெரிக்க அரசு 2015-இல் இசைந்தது. 2025-இல் மீண்டும் மெக்கின்லி என்று மாற்றியது. சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் பெயர் இன்றும் டெனாலிதான். மலைக்கும் அதுவே உரியது.