தாத்தாவின் விரலைத் திரை ஏன் அறியவில்லை?

மாணவர்களே, செர்டாங் வட்டாரத் தோட்டங்களில் பல ஆண்டுகள் பால்மரம் சீவிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்கள் கைப்பேசியைத் தொடும்போது கவனியுங்கள். தாத்தா ஒருமுறை தொடுவார், திரை அசையாது. அழுத்தித் தொடுவார், அப்போதும் அசையாது. நீங்கள் வாங்கித் தொட்டதும் உடனே திறக்கும். “எனக்கு வயசாயிடுச்சுப்பா” என்பார் தாத்தா. உண்மையில் அவர் மேல் தவறில்லை. காரணம் திரையின் அறிவியலில் இருக்கிறது.

தொடுதிரை கொண்ட முதல் திறன்பேசியாகக் கருதப்படும் ஐபிஎம் சைமன், 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எடை ஏறத்தாழ அரை கிலோ! ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினால் மின்கலம் தீர்ந்துவிடும். அதன் திரை ‘மின்தடை’ வகை. மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய படலங்கள் சிறு இடைவெளியுடன் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அழுத்தினால் மேல்படலம் வளைந்து கீழ்ப்படலத்தைத் தொடும். தொட்ட இடத்தைக் கருவி கணக்கிட்டுவிடும்.

இந்தத் திரைக்குத் தேவை அழுத்தம் மட்டுமே. விரல், நகம், குச்சி, கையுறை எதுவானாலும் சரி. 2008இல் வந்த நோக்கியா 5800 கைப்பேசியும் இதே வகைதான். அதன் பின்புறத்தில் சிறிய எழுதுகோல் ஒன்று செருகப்பட்டிருக்கும். ஆனால் மென்மையாகத் தடவினால் போதாது, அழுத்தவேண்டும். இரு விரல்களால் படத்தை விரித்துப் பெரிதாக்கவும் முடியாது.

2007இல் எல்ஜி பிராடா, ஐபோன் ஆகியவற்றில் ‘மின்தேக்கு’ வகைத் திரை வந்தது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகள் இருக்கும். நம் உடலில் உப்பு கலந்த நீர் உள்ளதால் விரலும் மின்சாரத்தைக் கடத்தும். விரல் நெருங்கியதும் அந்த இடத்தில் மின்தேக்கம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் திரை உணர்கிறது. அழுத்தம் அதற்குப் பொருட்டே இல்லை.

இனி தாத்தாவின் விரலுக்கு வருவோம். பல ஆண்டுகள் கத்தி பிடித்த விரலில் தோல் காய்த்துத் தடித்திருக்கும். உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஈரமான உள்தசைக்கும் திரைக்கும் இடையே அது சுவர் போல நிற்கிறது. தச்சர்களுக்கும் கிட்டார் வாசிப்பவர்களுக்கும்கூட இதே தொல்லை உண்டு.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். பேனாவின் பிளாஸ்டிக் மூடியால் திரையைத் தொடுங்கள். பிறகு தடித்த ரப்பர் கையுறை அணிந்து தொடுங்கள். திரை பெரும்பாலும் அசையாது. தாத்தாவின் சிரமம் உங்களுக்கும் புரியும்.

அவருக்கு உதவவும் வழி உண்டு. விரல்நுனியை இலேசாக ஈரப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தடித்த திரைக்காப்பு ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். சில கைப்பேசிகளின் அமைப்புகளில் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி இருக்கும், தேடிப் பாருங்கள்.

கூடவே இதையும் சொல்லுங்கள்: “தாத்தா, நீங்கள் அழுத்துவது தப்பில்லை. அந்தக் காலத்துத் திரைக்கு அதுதான் சரியான முறை. இந்தத் திரைக்குத்தான் உங்கள் விரலைத் தெரியவில்லை.”