படுக்கையிலிருந்து தொடங்கும் கட்டடம்

நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன்படாது என்ற கட்டத்துக்கு வந்துவிட்டவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம்தான் ஹாஸ்பிஸ். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். ஹாஸ்பிஸுக்கு வருகிற பலருக்கு அந்த அறைதான் மிச்சமிருக்கும் உலகம். அதனால் இங்கே மருந்துக்கு அடுத்தபடியாகக் கட்டடத்துக்கும் வேலை இருக்கிறது.

இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்னோடி, லண்டனின் சிடனம் பகுதியில் சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ். அந்த இல்லத்துக்கு முதலில் வந்த பணமே ஒரு ஜன்னலின் பெயரால் வந்ததுதான். சாண்டர்ஸ் பார்த்துக்கொண்ட டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு அகதி 1948-இல் புற்றுநோயால் இறந்தார். சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி, 500 பவுண்டை அவருக்கு எழுதிவைத்திருந்தார். ஜன்னல் முதலில் கிடைத்துவிட்டது. அதைச் சுற்றிக் கட்டடம் எழும்ப 19 ஆண்டுகள் ஆயின.

ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதை முதலில் எண்ணிக்கையோடு ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை எடுத்து, 23 ஜோடிகளை ஒப்பிட்டார். ஒரு சாராரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மறு சாராருக்கு வெறும் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் வெளிவந்த இந்த முடிவுகளை ஹாஸ்பிஸுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. அவர்கள் குணமாகிக்கொண்டிருந்தவர்கள், எண்ணிக்கையும் சிறியது. ஆனாலும் வலிமருந்தைப் பற்றிய அந்தச் செய்தி, வலியைத் தணிப்பதையே தொழிலாகக் கொண்ட இல்லங்களுக்கு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

மரம் இருந்தால் மட்டும் போதாது, படுத்திருப்பவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். வழக்கமான ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து சுமார் 3 அடி. கட்டிலில் தலை சாய்த்திருப்பவரின் கண் அதற்குக் கீழே போய்விடும். ஒரு துண்டு வானம் தெரிந்தால் அதிர்ஷ்டம். ஒன்றரை அடியில் ஜன்னல் தொடங்கினால் செடியும் நடைபாதையில் போகிற ஆளும் தெரிவார்கள். வரைபடத்தை நின்றுகொண்டு பார்க்கும் கட்டடக் கலைஞருக்கு இது தோன்றுவதே இல்லை.

படுத்திருப்பவரை மனத்தில் வைத்து ஒரு கட்டடத்தையே யோசித்தவர் பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ. பைமியோவில் பைன் காட்டுக்கு நடுவே 1933-இல் முடிந்த அவருடைய காசநோய் விடுதி ஹாஸ்பிஸ் அல்ல. ஆனால் ஹாஸ்பிஸ் கட்டுகிறவர்கள் இன்றும் அதைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். நாள் முழுக்கக் கண்முன் இருப்பது கூரை என்பதால் அதற்குக் கண் கூசாத அடர்பச்சை பூசினார். விளக்கைப் பார்வைக்கு நேரே வைக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் தூக்கம் கெடாதபடி, தண்ணீர் சத்தமில்லாமல் விழும் கோணத்தில் கைகழுவும் தொட்டியை வடிவமைத்தார்.

டென்மார்க்கில் 2007-இல் திறந்த யூர்ஸ்லாந்து ஹாஸ்பிஸ் இந்தச் சிந்தனையின் நேர் வாரிசு. சி.எஃப். மொல்லர் நிறுவனம் வடிவமைத்த அதன் 15 அறைகளும் ஓர் அரைவட்டமாகக் கடற்குடாவை நோக்கி அமைந்தவை. ஒவ்வொன்றுக்கும் தனித் திண்ணை உண்டு. இப்படிப்பட்ட திண்ணைக்குக் கட்டிலோடு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமானால், வாசல் 4 அடி அகலமாவது இருக்க வேண்டும், நிலைப்படி கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் எத்தனை அழகான தோட்டம் போட்டாலும் அது பார்வையாளர்களுக்குத்தான் பயன்படும்.

டேனிஷ் மாதிரியை வெயில் நாட்டில் அப்படியே நட்டுவைக்க முடியாது. பெங்களூரு கருணாஷ்ரயா இந்த ஊருக்கேற்ற ஒரு விடை. 1999 முதல் கட்டணமின்றி நடந்துவரும் இந்த இல்லத்தைச் சஞ்சய் மோகே வடிவமைத்தார். கல் சுவர்கள், நடுவே விரிந்த நீர்நிலை, அதைச் சுற்றி வார்டுகள். நீரும் நிழலும் வெப்பத்தைத் தணிக்கின்றன. கண்ணுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. இதைப் பார்த்துக் குளம் வெட்ட நினைப்பவர்கள் கொசுவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்: தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும், மீன் விட வேண்டும்.

காற்றோட்டம் இங்கே வெறும் சுகத்துக்கானதல்ல. முற்றிய புற்றுநோயில் சிலருக்குப் புண் வெளியே வெடித்து நாற்றமெடுக்கும். அந்த நாற்றத்துக்கு வெட்கப்பட்டே பேரப்பிள்ளைகளைக்கூடக் கிட்டே வரவேண்டாம் என்பார்கள். எதிரெதிர் ஜன்னல் வழியாக ஓடும் காற்று, மருந்தோடு சேர்ந்து, மனிதர்களை அவர்கள் அருகே திரும்ப உட்கார வைக்கிறது.

தனி அறையா, பொது வார்டா என்பதில் ஒரே விடை இல்லை. ஐரோப்பாவில் தனி அறை மரியாதையாகக் கருதப்படுகிறது. இங்கே பலருக்குத் தனியறை என்றால் ஒதுக்கிவைத்தது போலிருக்கும். பக்கத்துக் கட்டில்காரரின் பேச்சே துணை. நாலைந்து கட்டில் கொண்ட சிறு வார்டும், கடைசி நாட்களுக்கென்று ஓரிரு தனி அறைகளும் நடைமுறைக்கு ஒத்துவரும். கூட இருக்கும் உறவினர் கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பும், அழுவதற்கு ஒரு மறைவான மூலையும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். இறந்தவரை வெளியே கொண்டுபோகும் வழியும் அப்படித்தான். குப்பை போகும் பின்வாசல் வழியே உடலை அனுப்பும் கட்டடம், மற்ற நோயாளிகளுக்கும் சேர்த்து ஒரு செய்தி சொல்லிவிடுகிறது.

புதிதாகக் கட்ட வசதியில்லாத இல்லங்களிலும் செய்யக்கூடியவை உண்டு. கட்டிலைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கப் போடலாம். தலைக்கு நேர் மேலே எரியும் குழல்விளக்கைச் சுவருக்கு மாற்றலாம், டிராலிக்கு ரப்பர் சக்கரம் போடலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம் வைத்தால் சில ஆண்டுகளில் பிற்பகல் வெயிலை அது தாங்கிக்கொள்ளும்.