கல்யாண லைவ்: இலவச சாஃப்ட்வேர் போதுமா, காசு கொடுத்து வாங்கணுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் முகூர்த்தம் என்றால், பத்திரிகையோடு ஒரு யூடியூப் லிங்க்கும் இப்போது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவும், சிங்கப்பூரில் லீவு கிடைக்காத சித்தப்பாவும் ஒரே நேரத்தில் தாலி கட்டுவதைப் பார்க்கிறார்கள். 2020 ஊரடங்கில், கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது பரவிய பழக்கம் இது. ஊரடங்கு போய்விட்டது, லிங்க் போகவில்லை.

மண்டபத்து மூலையில் வீடியோகிராபர் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாரே, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு, மூன்று கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டி, மணமக்கள் பெயரைக் கீழே போட்டு, யூடியூபுக்கு அனுப்புவது அதிலிருக்கும் மென்பொருள்தான். இதில் பிரபலமானவை இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலிய நிறுவனத்தின் ‘விமிக்ஸ்’. காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொன்று, 2012-ல் ஹியூ பெய்லி தொடங்கிய ‘ஓ.பி.எஸ். ஸ்டுடியோ’. முழுக்க இலவசம்.

இலவசம் என்பதைவிட, அது ‘ஓப்பன் சோர்ஸ்’ என்பதே முக்கியம். பால்கோவாவோடு செய்முறையையும் எழுதிக் கொடுத்து, ‘நீங்களும் செய்யுங்க, மாத்தியும் செய்யுங்க, நாலு பேருக்குக் கொடுங்க’ என்று சொல்வதுபோல. (ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர்கள் மன்னிக்க!)

விமிக்ஸுக்கும் பலம் உண்டு. ரீப்ளே, தூரத்தில் இருப்பவரை வீடியோ அழைப்பில் நேரலைக்குள் கொண்டுவருவது போன்றவை அதன் உயர் பதிப்புகளில் உள்ளேயே இருக்கின்றன. சிக்கல் வந்தால் கேட்க ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஓ.பி.எஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இரண்டு கேமரா கல்யாணத்துக்கு அது தாராளம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை. ‘கிராக்’ செய்த திருட்டுப் பிரதி! அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே லேப்டாப்பில்தான் உங்கள் வீட்டுப் பெண்களின் போட்டோக்கள் இருக்கின்றன. காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இலவசமாகவே நல்ல மென்பொருள் கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு?

லைவ் முடிந்த பிறகு வீட்டில் தங்குவது பதிவு செய்த ஃபைல்தான். 20 வருஷத்துக்கு முந்தைய கல்யாண வி.சி.டி.யைப் போட்டுப் பாருங்கள். கீறல் விழாமல் இருந்தால், ‘வி.எல்.சி. பிளேயர்’ அதைத் திறந்துவிடும். அதுவும் ஓப்பன் சோர்ஸ். 2022-ல் அதன் இணையதளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டு, நவம்பரில்தான் தடை நீங்கியது. அப்போதும் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடோபியின் ‘ஃப்ளாஷ்’ கதை வேறு. நிறுவனம் முடிவெடுத்தது, 2021 ஜனவரி 12 முதல், பிளேயர் கம்ப்யூட்டரில் இருந்தும் படம் ஓடவில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே வீடியோகிராபரிடம் கேளுங்கள்: ‘எந்த சாஃப்ட்வேர், ஒரிஜினலா? யூடியூபில் லைவ் வசதியை முன்கூட்டியே ஆன் செய்தாச்சா?’ முதல்முறை ஆன் செய்தால் 24 மணி நேரம் வரை ஆகலாம். ஓ.பி.எஸ்.ஸில் எம்.கே.வி. வடிவில் பதியச் சொல்லுங்கள். நடுவில் கரன்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும், சாதாரண எம்.பி.4 என்றால் மொத்த ஃபைலும் கெட்டுப்போகலாம்.