காற்றைப் பிடித்து மிதந்த செல்போன் கோபுரங்கள்

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைப் புரட்டிப் போட்டது. பத்தில் ஒன்பதுக்கும் மேலான செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. சில வாரங்களில், 20 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்த பலூன்களிலிருந்து மக்களின் சாதாரண 4ஜி போன்களுக்கே சிக்னல் கிடைக்கத் தொடங்கியது. அவற்றை அனுப்பியது, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 'லூன்' திட்டம்.

ஏன் அவ்வளவு உயரம்? விமானப் பாதைகளும் மழை மேகங்களும் அதற்குக் கீழே அடங்கிவிடுகின்றன. அங்கிருந்து பார்த்தால் மலையும் கட்டடமும் குறுக்கே வராது. ஒரே பலூன் பல கோபுரங்களின் வேலையைப் பார்க்கும்.

டென்னிஸ் மைதான அளவுள்ள அந்த பாலித்தீன் பலூனில் எஞ்சின் கிடையாது. கருவிகளுக்கான மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வரும். திசைக்கு அது நம்பியிருந்தது காற்றை மட்டுமே. அந்த உயரத்திலிருக்கும் அடுக்கு வளிமண்டலத்தில் உயரத்துக்கு உயரம் காற்று வேறு வேறு திசையில் வீசும். உள்ளிருக்கும் பைக்குள் காற்றை அடைத்தால் பலூன் கனத்து இறங்கும், வெளியேற்றினால் மேலேறும். நீரோட்டம் பார்த்துப் படகு விடுபவரைப் போல, எந்தக் காற்றில் ஏறுவது என்பதைக் கணினி முடிவு செய்யும். ஒரு பலூன் விலகிப் போனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும்.

இலங்கையும் 2015இல் இதற்கு ஒப்பந்தம் போட்டது. 2016 பிப்ரவரியில் வந்த சோதனை பலூன் ஒன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. நாடு முழுவதும் சேவை என்ற திட்டம் நிறைவேறவில்லை.

கென்யாவில் நிறைவேறியது. 2020 ஜூலையில் டெல்காம் கென்யாவுடன் சேர்ந்து, சுமார் 35 பலூன்களால் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு வணிகச் சேவை தொடங்கியது. ஆறே மாதம். 2021 ஜனவரியில் லூனை மூடுவதாக ஆல்ஃபபெட் அறிவித்தது.

தொழில்நுட்பம் தோற்கவில்லை, கணக்கு உதைத்தது. ஒரு பலூன் அதிகபட்சமாக 312 நாள் பறந்திருக்கிறது. கோபுரமோ நட்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பலூனை இறக்கி, மீட்டு, புதிதாக ஏவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவை, தொலைதூரக் கிராமங்களின் சொற்ப வருமானத்தில் ஈடுகட்டும் வழி புலப்படவில்லை. இதேபோல் வானிலிருந்து இணையம் தர, சூரியசக்தியில் பறக்கும் 'அக்விலா' விமானத்தை உருவாக்கிவந்த ஃபேஸ்புக்கும் 2018இலேயே அந்த முயற்சியைக் கைவிட்டிருந்தது.

பேரிடர் நேரத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. சேவை சில வாரங்களுக்கு இருந்தாலே போதும். அதே மரியா புயலுக்குப் பிறகு, ஏடி அண்ட் டி நிறுவனம் கம்பியால் தரையோடு பிணைத்த டிரோனைப் பறக்கவிட்டு செல்போன் சேவை கொடுத்தது. டிரோனுக்கு மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே போனது.

லூனின் ஒரு பகுதி தரையிறங்கிப் பிழைத்துக்கொண்டது. பலூனிலிருந்து பலூனுக்கு ஒளிக்கற்றையில் தரவு அனுப்பிய நுட்பம், 'தாரா' என்ற பெயரில் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலுள்ள பிரஸாவில், கின்ஷாசா நகரங்களை இணைத்தது. கேபிள் போட்டால் 400 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய இடத்தில், ஒளி கடக்கும் தூரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்.